வீழ்ந்த கணத்தின் சாட்சி

சவ்வாது மலையின் தென்புற அடிவாரத்தை அடுத்துள்ளது செங்கம். அவ்வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு அரசின் தொல்பொருள் ஆய்வுத் துறை தொகுத்து 1972ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டது. எடத்தனூரில் கிடைத்த நடுகல் அவ்வட்டாரத்துக் கற்களுள் புகழ் பெற்றது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், கருந்தேவகத்தி என்னும் வீரன் எருமைகளைக் காக்கும் முயற்சியில் உயிர் துறந்தான் என்று அக்கல் கூறுகின்றது. கோவிவன் என்னும் நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதையும் அது மறவாமல் குறிக்கின்றது.

மாணவ நண்பர்களே, அந்தக் கல்வெட்டின் அமைப்பை உற்று நோக்குங்கள். வீழ்ந்தவன் யாவன்? எப்போது வீழ்ந்தான்? எதன் பொருட்டு வீழ்ந்தான்? அவ்வேளையில் அருகே நிகழ்ந்தது யாது? இத்தனைக்கும் சில வரிகளில் விடை உண்டு. வீரனைப் போற்றுதற்கு நட்ட கல், ஏறக்குறைய 1,400 ஆண்டுகள் கழித்து நமக்குச் சாட்சியாக நிற்கின்றது. எழுதாது விட்டிருந்தால் கோவிவனை யார் அறிவார்?

வீழ்ச்சியை உடனே பதிந்து வைக்கும் இவ்வழக்கம் இக்காலப் பொறியியலிலும் உண்டு. கணிப்பொறிகளை ஒன்றோடொன்று இணைப்பவை வலையமைப்புக் கருவிகள். வந்த செய்தி எது, அதை எவ்வழியே அனுப்புவது என்பன போன்ற விவரங்களை அவை கணந்தோறும் தம் நினைவகத்தில் வைத்திருக்கும். ஏதோ ஒரு பிழையால் கருவி செயலற்று நின்றுவிட்டால், அதற்குக் காரணமான தடயங்கள் அந்நினைவகத்திலேயே கிடக்கும். கருவியை மறுபடி இயக்கினாலோ அவை அழிந்துபோம். ஆகவே, இயக்குமுன் நினைவகம் முழுவதையும் ஒரு கோப்பாகப் படியெடுத்துக்கொள்வார்கள். அதற்குக் 'கோர் டம்ப்' என்று பெயர். முற்காலக் கணிப்பொறிகளின் நினைவகம் 'கோர்' எனப்பட்ட சிறு காந்த வளையங்களால் ஆனது; அதில் உள்ளதையெல்லாம் வெளியே கொட்டுவதால் இப்பெயர் வந்தது.

இதன் அருமையை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்று அமெரிக்காவில் நேர்ந்தது. இன்றைய இணையத்தின் முன்னோடியாகிய ஆர்ப்பாநெட் 1969ஆம் ஆண்டில் தொடங்கியது. 1980ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் அவ்வலையமைப்பு பல மணி நேரம் பயனற்றுப்போயிற்று. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் கட்டுப்பாட்டு நிலையத்துக்குத் தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. எங்கும் அவசரம், எவருக்கும் காரணம் தெரியவில்லை. அந்நிலையிலும் பொறியாளர்கள் தம் கட்டடத்தில் இருந்த கருவிகளின் நினைவகத்தை முதலில் படியெடுத்தனர். பின்னரே அவற்றை மறுபடி இயக்கினர். இயங்கிய கருவிகள் தனித்திருந்தவரை நன்றாகவே வேலை செய்தன. வலையமைப்போடு இணைத்தவுடன் பழைய நோய் திரும்பிவிட்டது!

மறுபடி இயக்குவது மருந்தாகவில்லை. படியெடுத்த கோப்புகளை ஆராய்ந்தபோது உண்மை வெளிப்பட்டது. ஒரே ஒரு கருவியின் பெயரால் வந்த வழிச் செய்திகள் மற்றக் கருவிகளின் வரிசையில் நிரம்பி வழிந்தன. ஒவ்வொரு வழிச் செய்திக்கும் ஒரு வரிசை எண் உண்டு. 0 முதல் 63 வரை சென்று மீண்டும் 0 என்று சுழலும் எண் அது. புதிய செய்தி வந்தால் பழையதைத் தள்ளிவிடுவது முறை. வன்பொருட் பழுதால் எண்ணின் இலக்கங்கள் சில உதிர்ந்து, 8, 40, 44 என்னும் மூன்று எண்கள் ஒரே வேளையில் உலவலாயின. சுழல் கணக்கின்படி 8ஐ விட 40 புதியது. 40ஐ விட 44 புதியது. 44ஐ விடவோ 8 புதியது! ஆகவே எதுவும் பழையதாகாமல், மூன்றும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டே இருந்தன. கருவிகள் அவற்றைக் கையாள்வதிலேயே களைத்து, தம் இயல்பான பணியை மறந்தன.

காரணம் தெரிந்தபின் தீர்வு எளிதாயிற்று. அந்தக் கருவியின் பெயரால் வரும் வழிச் செய்திகளைப் புறக்கணிக்குமாறு மற்றவற்றின் நிரலைத் திருத்தினர். வலையமைப்பு உயிர் பெற்றது. போல்ட் பெரானெக் அண்டு நியூமன் நிறுவனத்தைச் சேர்ந்த எரிக் ரோசன் 1981ஆம் ஆண்டில் இவ்வரலாற்றை ஒளிவுமறைவின்றி எழுதி வெளியிட்டார். தம் அமைப்பின் தவற்றைத் தாமே பதிந்துவைத்த அந்த நேர்மையும் பாராட்டத் தக்கதே.

இக்காலக் கருவிகள் பலவும் வீழும் வேளையில் தாமாகவே நினைவகப் படியை எழுதிவைக்கும். அல்லது வேறொரு கணிப்பொறிக்கு அனுப்பிவைக்கும். எனினும், அதற்குரிய இடத்தையும் ஏற்பாட்டையும் மனிதன் முன்கூட்டியே செய்து வைத்திருத்தல் வேண்டும். வீழ்ந்தபின் தேடினால் கிட்டாது.

கருவி நின்றதும் விசையை அணைத்துப் போடுவது நம்மில் பலர்க்கும் வழக்கம். வேலை நடந்தாற் போதும் என்னும் அவசரம் இயல்பானதே. ஆனால் அந்த ஒரு நொடியில் சாட்சியை நாமே அழித்துவிடுகிறோம். நாளை அதே பழுது திரும்பும்போது இன்று அறிந்ததைவிட அதிகமாக ஒன்றும் அறிந்திரோம். வீரன் வீழ்ந்த செய்தியைக் கல்லிற் பொறித்து வைத்த எடத்தனூரார், நமக்கு இவ்வகையில் நல்லாசிரியர்கள் அல்லரோ?