இரண்டு ஈஸ்டர் ஞாயிறுகள், இரண்டு தகப்பன்மார் சாவு

2023 ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு. அன்று இரவு அமெரிக்காவின் எச்.பி.ஓ. அலைவரிசையில் ‘சக்சஷன்’ தொடரின் நான்காம் சீசன், மூன்றாம் எபிசோட் ஒளிபரப்பானது. ஊடக அதிபர் லோகன் ராய் அதில் இறந்துபோனார். 2025 ஏப்ரல் 20, அதுவும் ஈஸ்டர் ஞாயிறு. அதே எச்.பி.ஓ.வில் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ இரண்டாம் சீசனின் இரண்டாம் எபிசோட். ஜோயல் அடித்துக் கொல்லப்பட்டார். இரண்டு எபிசோடுகளையும் இயக்கியவர் மார்க் மைலாட். லோகன் பெற்ற தகப்பன், ஜோயல் வளர்த்த தகப்பன். இருவரும் தத்தம் கதையின் தூண்கள். சீசனின் முடிவில் வரும் என்று எல்லாரும் எதிர்பார்க்கும் சாவு, இரண்டிலும் தொடக்கத்திலேயே வந்துவிட்டது.

அலைவரிசை, இயக்குநர், பண்டிகை நாள் எல்லாம் ஒன்றாக இருந்தும், மறுநாள் பார்வையாளர்கள் நடந்துகொண்ட விதம் ஒன்றுக்கொன்று நேர் எதிர். லோகனின் சாவு நாடெங்கும் ஒரு துக்கவீட்டை எழுப்பியது. ஜோயலின் சாவு ஒரு பஞ்சாயத்தைக் கூட்டியது. முதலாவதில் ஆட்கள் தங்கள் வீட்டுச் சாவுகளைச் சொல்லி அழுதார்கள். இரண்டாவதில் கொன்றவள் செய்தது நியாயமா, தொடரை எடுத்தவர்கள் செய்தது நியாயமா என்று வழக்காடினார்கள். ஏன் இப்படிப் பிரிந்தது? ‘சக்சஷன்’ நயமான தொடர், மற்றது வன்முறைத் தொடர் என்று சொல்லித் தப்பித்துவிடலாம். ஆனால் காரணம் கதை சொன்ன முறையில் இருக்கிறது. பார்வையாளரை எங்கே உட்காரவைத்தார்கள், அவருக்கு முன்கூட்டியே என்ன தெரிந்திருந்தது, அழுது தீர்க்க எவ்வளவு நேரம் கொடுத்தார்கள் என்ற மூன்று கேள்விகளில் அது அடங்கியிருக்கிறது.

போனின் இந்த முனை

லோகன் சாவதை நாம் பார்ப்பதே இல்லை. சுவீடனுக்குப் போகும் தனி விமானத்தில் அவர் ஏறுவது வரைதான் காட்டுகிறார்கள். பிள்ளைகள் நியூயார்க் துறைமுகத்தில் மிதக்கும் கப்பலில், மூத்தவன் கானரின் கல்யாணத்துக்குக் கூடியிருக்கிறார்கள். விமானத்திலிருந்து மருமகன் டாம் போன் செய்கிறான். முதலில் மனைவி ஷிவ்வைக் கூப்பிடுகிறான், அவள் எடுக்கவில்லை. பிறகு லோகனின் மகன் ரோமனைக் கூப்பிட, அவன் எடுக்கிறான். அப்பாவுக்கு ரொம்ப முடியவில்லை, நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கிறார்கள், காதருகே போனை வைக்கிறேன், ஏதாவது சொல்லுங்கள் என்கிறான் டாம்.

அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் போனின் இந்த முனையில்தான். சற்று முன்புதான் அப்பாவுக்குக் கோபமாக ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்த ரோமன், அதைக் கேட்டதால்தான் இப்படி ஆகிவிட்டதோ என்று பதறுகிறான். இன்னொரு மகன் கெண்டல் மன்னிக்கவும் முடியாமல், அன்பை விடவும் முடியாமல், இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறான். கடைசியாக வந்த ஷிவ் சின்னப் பெண்ணாகிக் கெஞ்சுகிறாள். அவள் பேசும்போது அந்தக் காதில் உயிர் இருந்ததா என்பது அவளுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

இந்தப் பகுதியை எடுத்த விதமும் இந்த உணர்வுக்குக் காரணம். ‘சக்சஷன்’ ஃபிலிமில் எடுக்கப்பட்ட தொடர். ஒரு சுருள் பத்து நிமிடத்துக்கு மேல் வராது. காட்சியைத் துண்டு துண்டாக எடுத்த பிறகு, மைலாட் கூடுதல் கேமராக்களை வைத்து, சுருள்களை மாறி மாறி நிரப்பி, நடிகர்களை ஏறத்தாழ அரைமணி நேரம் இடைவிடாமல் நடிக்கவைத்தார். அதனால் அந்தக் கப்பல் அறையில் நேரம் நிஜமாகவே ஓடுகிறது. பிள்ளைகளுக்கு எவ்வளவு நேரம் தெரியாமல் இருந்ததோ அவ்வளவு நேரம் நமக்கும் தெரியவில்லை.

பார்வையாளரின் முதல் எதிர்வினை அதனால்தான் மறுப்பாக இருந்தது. லோகன் நிஜமாகவே செத்துவிட்டாரா, இதுவும் அவருடைய தந்திரமா என்று பலர் கேட்டார்கள். முதல் சீசனில் மூளை ரத்தக்கசிவிலிருந்து பிழைத்து வந்த மனிதர் அவர். எபிசோட் முடிவில் டீட்டர்பரோ விமான நிலையத்தில் உடலை இறக்கும்போதுதான் சந்தேகம் தீர்ந்தது. அடுத்த நாள் வந்த இரண்டாம் அலை வேறு மாதிரி. தங்கள் தகப்பனோ தாயோ போனதை போனில் கேட்டவர்கள், கடைசி வார்த்தையைச் சொல்ல முடியாமல் போனவர்கள், எங்கள் வீட்டிலும் இப்படித்தான் நடந்தது என்று சொல்லத் தொடங்கினார்கள். லோகன் நல்ல மனிதர் அல்லர். பிள்ளைகளை நசுக்கியவர். அவருக்காக அழுதவர்கள் உண்மையில் அவருக்காக அழவில்லை. சாவைக் காட்டாமல் விட்ட இடத்தில் ஒவ்வொருவரும் தங்கள் சாவை வைத்துக்கொண்டார்கள்.

தரையில் அழுத்தப்பட்ட முகம்

ஜோயலின் சாவில் எதுவும் விடப்படவில்லை. பனிப்புயலில் சிக்கிய ஆபி என்ற பெண்ணை அவர்தான் காப்பாற்றுகிறார். அவள் அவரைத் தன் கூட்டாளிகள் இருக்கும் வீட்டுக்கு அழைத்துப்போகிறாள். முழங்காலில் சுடுகிறாள். தன் தகப்பனைக் கொன்றவர் அவர்தான் என்று சொல்லிவிட்டு கோல்ஃப் மட்டையால் அடிக்கிறாள். அவரைத் தேடி வந்த வளர்ப்பு மகள் எல்லியைத் தரையோடு தரையாக அழுத்திப் பிடிக்கிறார்கள். எழுந்திருக்கச் சொல்லி அவள் கதறுகிறாள். உடைந்த மட்டையின் கூர்முனை ஜோயலின் கழுத்தில் இறங்குவதை எல்லியோடு சேர்ந்து நாமும் பார்க்கிறோம். எல்லோரும் போன பிறகு அவள் ஊர்ந்து போய் உடலின் மேல் சாய்கிறாள்.

கேமராவும் எல்லியின் மட்டத்துக்கே இறங்கிவிடுகிறது. கப்பலில் பார்வையாளருக்குத் தன் நினைவை வைத்துக்கொள்ள இடம் இருந்தது. இங்கே கண்ணை மூடிக்கொள்வதைத் தவிர வேறு இடம் இல்லை. கொலைக்கு ஒரு முகமும் இருக்கிறது. லோகனைக் கொன்றது முதுமை, அதன்மேல் யாரும் கோபப்பட முடியாது. ஜோயலைக் கொன்றவளுக்குப் பெயர் உண்டு, வயது உண்டு, காரணமும் உண்டு. துக்கத்துக்குக் குற்றவாளி கிடைத்துவிட்டால் அது அழுகையில் தங்காது, வழக்காக மாறும்.

அந்தக் காரணமும் லேசானதல்ல. முதல் சீசனின் கடைசி எபிசோடில், கொள்ளைநோய்க்கு மருந்து கண்டுபிடிக்க எல்லியின் உயிரைப் பலி கொடுக்கவிருந்த மருத்துவமனையில், ஜோயல் தன்னைத் தடுத்த எல்லாரையும் சுட்டு வீழ்த்தி அவளைத் தூக்கி வந்தார். அவர் சுட்டுக்கொன்ற அறுவை மருத்துவர் ஆபியின் தகப்பன். நடந்ததை எல்லியிடம் மறைத்துப் பொய்யும் சொன்னார். ஆகவே ஆபிக்கு வழக்கு உண்டு, ஜோயலுக்கும் பதில் உண்டு. எல்லிக்கு இருவர் மேலும் வழக்கு உண்டு. இப்படிப்பட்ட கதையைப் பார்த்த மக்கள் பஞ்சாயத்துக் கூட்டியதில் என்ன தவறு? கதையே அதைத்தான் கேட்டது.

தெரிந்தவர்களும் தெரியாதவர்களும்

லோகனின் சாவு அமெரிக்கா முழுவதையும் ஒரே இரவில் தாக்கியது. எழுத்தாளர் ஜெஸ்ஸி ஆம்ஸ்ட்ராங்கின் குழு ரகசியத்தைக் கடைசிவரை காத்தது. தொடரின் தலைப்பே வாரிசுரிமையைப் பற்றியது என்பதால் சாவு வரும் என்று எல்லாருக்கும் தெரியும், எப்போது என்பது மட்டும் தெரியாது. ‘லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்’ லோகனுக்கு நிஜ மனிதருக்கு எழுதுவதுபோலவே இரங்கல் கட்டுரை வெளியிட்டது. இன்னும் பார்க்காதவர்கள் அதைக் கண்டு கொதித்தார்கள். அந்தக் கோபம்கூட, ஒன்றாகச் சேர்ந்து அதிர்ச்சியடையும் வாய்ப்பு பறிபோனதே என்ற ஆதங்கம்தான்.

‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ பார்வையாளர்கள் தொடக்கத்திலேயே இரண்டு கூட்டம். இந்தக் கதை வீடியோ கேமாக 2020 ஜூன் 19 அன்று பிளேஸ்டேஷன் 4-இல் வந்தது. அதற்கு முன்பே ஏப்ரலில் கதை கசிந்திருந்தது. விளையாடி முடிக்க இருபது மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் கேமுக்கு, வெளியான அன்றே ஆயிரக்கணக்கில் மிகக் குறைந்த மதிப்பெண்கள் வந்து குவிந்தன. ஆபிக்குக் குரல் கொடுத்த லாரா பெய்லிக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அதே ஆண்டில் அந்த கேம் ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில் ஆண்டின் சிறந்த கேம் விருதையும் பெற்றது. ஆக, கேம் ஆடியவர்கள் ஜோயலுக்காக ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே அழுது முடித்திருந்தார்கள், சண்டையும் போட்டு முடித்திருந்தார்கள்.

2025-இல் அவர்களில் பலர் பார்த்தது திரையை அல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியையோ நண்பனையோதான். அவர்கள் முகம் மாறுவதைப் படம் பிடித்துப் பகிர்ந்தார்கள். தொடரில் ஜோயல் கேமில் இருந்ததைவிட எந்த விதத்தில் மென்மையானவர், ஆபியின் காரணத்தை ஏன் முதல் எபிசோடிலேயே சொல்லிவிட்டார்கள் என்று ஒப்பிட்டார்கள். தெரியாதவர்களோ, உங்களுக்கு எல்லாம் தெரிந்தும் எங்களை இதற்குள் இழுத்துவிட்டீர்களே என்று குமுறினார்கள். ஒரே சாவு ஒரு கூட்டத்துக்குத் திவசம், இன்னொரு கூட்டத்துக்கு அன்று நடந்த இழவு. இந்த இரண்டு கூட்டமும் ஒரே நேரத்தில் அழ வழியில்லை.

ஆபியின் காரணத்தை முன்னே கொண்டுவந்ததில் ஒரு நல்ல நோக்கம் இருந்தது. கேமில் அது வெகுநேரம் கழித்துத்தான் தெரியவரும். வெறுப்பைத் தணிக்கத்தான் தொடரை உருவாக்கிய கிரெய்க் மேஸினும் நீல் ட்ரக்மனும் அதை மாற்றியிருக்க வேண்டும். வெறுப்பு தணிந்ததாகத் தெரியவில்லை. ஏன் கொன்றாள் என்ற கேள்வி போய், கொன்றது சரியா என்ற கேள்வி வந்தது, அவ்வளவுதான். காரணத்தை எவ்வளவு சீக்கிரம் சொன்னாலும் இழப்பின் வலி குறையாது. ஆனால் அந்த வலியை ஒரு நடிகையின் மேல் இறக்கிவைப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது. லாரா பெய்லிக்கு நடந்ததால், ஆபியாக நடித்த கெய்ட்லின் டெவருக்குப் படப்பிடிப்பிலேயே கூடுதல் பாதுகாப்பு தேவைப்பட்டது என்று உடன் நடித்தவர் சொன்னார். பஞ்சாயத்து கதைக்குள் நடக்கும்வரை அது ரசிகரின் உரிமை. வெளியே வந்து உயிருள்ள ஒருவரை மிரட்டினால் அது வெறும் குற்றம்.

சாவுக்குப் பிந்திய நாட்கள்

இந்த ஒப்பீட்டில் பெரிதும் கவனிக்கப்படாத வேறுபாடு, சாவுக்கு அடுத்து வந்த எபிசோடுகளில் இருக்கிறது. லோகன் இறந்தபின் ‘சக்சஷன்’ ஏழு எபிசோடுகள் நடந்தது. ஏறக்குறைய ஒரு நாளுக்கு ஒரு எபிசோட் என்ற கணக்கில், சில நாட்களின் கதையே அத்தனையும். அடுத்த நாள் வீட்டில் கூட்டம், அதன் நடுவே பதவிச் சண்டை. ஒன்பதாம் எபிசோடில் இறுதிச் சடங்கு. அதுவரை மார்தட்டிக்கொண்டிருந்த ரோமன், சவப்பெட்டியின் முன் பேச நின்று உடைந்துபோகிறான். அழ வேண்டியது ஆறு வாரம் கழித்து வந்தது, வீடுகளில் வருவதுபோலவே. பார்வையாளர் நகரவில்லை. நான்காம் சீசனின் தொடக்க இரவில் 23 லட்சமாக இருந்த அமெரிக்கப் பார்வையாளர் எண்ணிக்கை முடிவில் 29 லட்சமானது. லோகனாக நடித்த பிரையன் காக்ஸ் தன் பாத்திரம் சீக்கிரமே செத்துவிட்டது என்று வெளிப்படையாகவே வருந்தினார். ஆனால் பார்வையாளருக்கு லோகன் கடைசி எபிசோட் வரை அறையில்தான் இருந்தார். சிறந்த எழுத்துக்கும் சிறந்த இயக்கத்துக்குமான எம்மி விருதுகளை அந்த மூன்றாம் எபிசோட் வாங்கியது.

ஜோயல் இறந்த அடுத்த எபிசோடில், எல்லி அவர் அலமாரியைத் திறந்து அவருடைய ஜாக்கெட்டை முகத்தோடு அணைத்துக்கொண்டு அழும் ஒரு அருமையான காட்சி உண்டு. ஆனால் அதற்கு முன்பே கதை மூன்று மாதம் தாண்டிவிட்டது. ஊர் மீண்டெழுந்துவிட்டது. புறப்பாடும் பழிவாங்கலும் தொடங்கிவிட்டன. பார்வையாளர் இன்னும் அந்த வீட்டுத் தரையில் கிடக்க, கதை குதிரையேறிப் போய்விட்டது. தொடக்கத்தில் 53 லட்சமாக இருந்த அமெரிக்கப் பார்வையாளர் எண்ணிக்கை இறுதி எபிசோட் இரவில் 37 லட்சம் ஆனது. அது நீண்ட விடுமுறை வார இறுதி என்பதால் முழுப் பழியையும் ஜோயலின் சாவின்மேல் போட முடியாது.

அதே சீசனில் இன்னொரு சாட்சியும் இருக்கிறது. ஆறாம் எபிசோட் முழுக்கப் பழைய நாட்களுக்குத் திரும்பிப் போகிறது. எல்லியின் பிறந்தநாட்கள், ஜோயல் செய்துகொடுத்த கிடார், இருவருக்குமான கடைசிப் பேச்சு. சீசனைக் குறை சொன்னவர்களில் பலரும் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள். வன்முறையால் விலகியவர்கள் என்று நாம் நினைத்தவர்களில் பலர் துக்கம் கிடைக்காமல் விலகியவர்கள் என்பதை அது காட்டுகிறது. அந்த எபிசோடை மூன்று வாரம் முன்னால் வைத்திருந்தால் பஞ்சாயத்தின் சூடு பாதியாகியிருக்கும் என்று நம்புகிறேன்.

யார் சரி?

இரண்டையும் எடை போட்டால், துணிச்சலில் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ ஒரு படி மேல். பார்வையாளரின் பாசத்துக்கு எதிராகவே ஒரு நியாயத்தை நிறுத்தியது. ‘சக்சஷன்’ அப்படி எதையும் பணயம் வைக்கவில்லை. ஆனால் பார்வையாளரை அறிந்ததில் ‘சக்சஷன்’ மேல். சாவு ஒரு நிகழ்ச்சி, துக்கம் ஒரு காலம் என்பதை அது புரிந்துகொண்டு, நிகழ்ச்சியைத் திரைக்கு வெளியே வைத்து, காலத்தைத் திரைக்குள் வைத்தது. மற்றது நிகழ்ச்சியை முழுதாகக் காட்டி, காலத்தைத் தாண்டிப் போனது.

பெரிய தொடர்களின் ரசிகர்கள் சலுகை பழகியவர்கள், தங்களுக்குப் பிடித்தவர் சாகக்கூடாது என்று அடம்பிடிப்பவர்கள் என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. இந்த இரண்டு ஞாயிறுகளும் அதைப் பொய்யாக்குகின்றன. பிடித்த பாத்திரம் சாவதை மக்கள் ஏற்பார்கள், சீசனின் தொடக்கத்திலேயே சாவதையும் ஏற்பார்கள். சாவைக் கொடுத்துவிட்டு அழுவதற்கு நேரம் தராமல் அடுத்த வேலைக்குக் கிளம்பச் சொல்வதைத்தான் ஏற்கமாட்டார்கள். இதைத் தொடர் எடுப்பவர்கள் ரசிகரின் பலவீனமாகக் கருதக் கூடாது. தாங்கள் உருவாக்கிய மனிதர்களை ரசிகர்கள் எவ்வளவு நம்பினார்கள் என்பதன் அளவு அது.