எல்பி0 ஆன் ஃபயர்: பிரிண்டருக்குள்ள இருக்கிற அடுப்பு

இந்த எபிசோடை லினக்ஸ் கெர்னல்ல இருக்கிற ஒரு வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன். பழைய பேரலல் போர்ட் பிரிண்டர்களுக்கான டிரைவர் கோடைத் திறந்து பார்த்தீங்கன்னா, மூணு செய்திகள் வரிசையா இருக்கும். முதலாவது, பேப்பர் தீர்ந்துபோச்சு. ரெண்டாவது, பிரிண்டர் ஆஃப்லைன். மூணாவது, "எல்பி0 ஆன் ஃபயர்". அதாவது, பிரிண்டர் எரியுது!

விஷயம் இதுதான். பிரிண்டர் "ஏதோ தப்பு"ன்னு ஒரு சிக்னல் கொடுக்குது. பேப்பர் இருக்கு, ஆன்லைன்லயும் இருக்கு. அப்போ வேற என்ன, தீயாத்தான் இருக்கணும். யூனிக்ஸ் ஆட்களோட நக்கல். நானும் வெறும் ஜோக்னுதான் நினைச்சேன், ஜெராக்ஸ் 914 பத்திப் படிக்கிற வரைக்கும்.

914 வந்தது 1959ல. சாதாரணத் தாள்ல நகல் எடுக்கிற மெஷினை ஆபீஸ்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது அதுதான். நாம இன்னைக்கும் எந்தக் கம்பெனி மெஷினா இருந்தாலும் "ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு வா"ன்னு சொல்றோமே, அந்தப் பேரு உலகம் முழுக்கப் பரவினது இந்த மெஷினாலதான். எடை ஏறக்குறைய 650 பவுண்டு, அதாவது 300 கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி.

டோனர்ங்கிறது மை கிடையாது. நிறம் சேர்த்த பிளாஸ்டிக் தூள். நிலைமின்சாரத்தால தாள்ல போய் ஒட்டிக்கும். ஆனா விரலால தேய்ச்சா வந்துடும். அதை உருக்கித் தாளோட சேர்க்கணும்னா சூடு வேணும். 914க்குள்ள அதுக்குன்னே ஒரு ஹீட்டர் இருந்தது. தாள் ஓடிக்கிட்டே இருக்கிற வரைக்கும் பிரச்சினை இல்லை. தாள் சிக்கி ஹீட்டர் பக்கத்துலயே நின்னுட்டா கருகும், சில சமயம் பத்திக்கும். எனக்கு இந்தக் கதையில முக்கியமாப் பட்டது இதுதான். பேப்பர் ஜாம்ங்கிறதை நாம எரிச்சலூட்டுற சின்னக் கோளாறாத்தான் பார்க்கிறோம். இந்த மெஷின்ல அந்தக் கோளாறுக்கும் தீ விபத்துக்கும் நடுவுல சில நொடிகள்தான்.

ஜெராக்ஸ் என்ன செஞ்சாங்க? மெஷினோட சேர்த்து ஒரு சின்ன தீயணைப்பானையும் கொடுத்தாங்க. ஆனா "தீயணைப்பான்"னு எழுதினா வாடிக்கையாளர் பயந்துடுவார் இல்லையா? அதனால வச்ச பேரு "ஸ்கார்ச் எலிமினேட்டர்", கருகல் நீக்கி! பக்-ஐ "ஃபீச்சர்"னு சொல்ற வித்தை நம்ம துறையில பிறந்ததுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். நுகர்வோர் உரிமைக்காகப் போராடின ரால்ஃப் நேடர், வாஷிங்டன்ல தன்னோட ஆபீஸ்ல இருந்த 914 நாலு மாசத்துல மூணு தடவை தீப்பிடிச்சதா புகார் சொன்னார்.

அப்புறம் ஏன் ரீகால் நடக்கலைன்னு கேட்பீங்க. அமெரிக்காவுல நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1972லதான். இன்னொண்ணு, 914 பெரும்பாலும் வாடகைக்குத்தான் போச்சு. மாசம் 95 டாலர், அதுல 2000 நகல் அடக்கம், அதுக்கு மேல எடுத்தா ஒவ்வொரு நகலுக்கும் தனிக் காசு. மெஷின் ஜெராக்ஸோட சொத்து. அது நின்னா அவங்க வருமானம் நிக்கும். அதனால ரிப்பேர் ஆட்களை ஊர் ஊரா வச்சிருந்தாங்க. கெட்டுப்போற மெஷினை வச்சே ஒரு பெரிய தொழில் நடந்ததுக்கு இந்த ஏற்பாடு ஒரு முக்கியக் காரணம்னு எனக்குத் தோணுது.

லேசர் பிரிண்டர் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். 1971ல ஜெராக்ஸ் பார்க்ல கேரி ஸ்டார்க்வெதர் ஒரு ஜெராக்ஸ் காப்பியரை மாத்திக் கட்டித்தான் முதல் மாதிரியை உருவாக்கினார். (ஸ்டால்மனையும் ஒரு ஜெராக்ஸ் பிரிண்டரோட பேப்பர் ஜாம்தான் கோபப்படுத்துச்சு. அது தனி எபிசோடு.) 1984ல எச்பி, கேனான் இன்ஜினை வச்சு லேசர்ஜெட்டை 3495 டாலருக்கு வித்தது. இது வாடகை இல்லை, விற்பனை. டிரம், டோனர் மாதிரி சீக்கிரம் தேயுற பாகங்களை எல்லாம் ஒரே கார்ட்ரிட்ஜ்ல அடைச்சாங்க. அது தீர்ந்தா கழட்டிப் போட்டுட்டுப் புதுசு மாட்டிக்கலாம். ரிப்பேர்காரருக்கு வேலை குறைஞ்சது. ஆனா ஃபியூசர் அப்படியே உள்ள இருந்தது, ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் சூட்டோட. அந்தச் சூட்டைக் கட்டுப்படுத்துற வேலை இப்போ மென்பொருள் கையில.

2011 நவம்பர்ல அந்த இடத்துலதான் கொலம்பியா பல்கலைக்கழகத்தோட ஆங் குய், சால்வடோர் ஸ்டோல்ஃபோ ரெண்டு பேரும் கை வச்சாங்க. எச்பி லேசர்ஜெட் ஃபர்ம்வேரை வெளியிலிருந்து மாத்த முடியும்னு காட்டினாங்க. ஃபர்ம்வேர் அப்டேட் பிரிண்ட் ஜாப் மாதிரியே உள்ள போகுது, அது யார் அனுப்பினதுன்னு பிரிண்டர் சரிபார்க்கலை. ஃபியூசரைத் தொடர்ந்து சூடாக்கச் சொல்லிக் கட்டளை போச்சு. தாள் பழுப்பாச்சு, புகை வந்தது. அதுக்கு மேல போகலை. ஒரு தெர்மல் சுவிட்ச் பிரிண்டரை நிறுத்திடுச்சு.

தீப்பிடிக்கும்னு வந்த செய்திகளை எச்பி மறுத்தது. தெர்மல் பிரேக்கர்னு ஒரு ஹார்டுவேர் பாகம் இருக்கு, ஃபர்ம்வேரை மாத்தி அதை ஜெயிக்க முடியாதுன்னு விளக்கம் கொடுத்தது. அந்த ஒரு விஷயத்துல எச்பி சொன்னது சரின்னு நினைக்கிறேன். சூடு எல்லை தாண்டினா அந்த சுவிட்ச் தானாவே கரண்டைத் துண்டிச்சிடும். ஃபர்ம்வேர் என்ன கெஞ்சினாலும் அதுக்குக் கேட்காது. ஆனா தீ பத்திப் பேசினதுல முக்கியமான ஓட்டை பின்னாடி போயிடுச்சு: ஆபீஸ்ல அச்சாகிற ஒவ்வொரு ஆவணமும் அந்த ஃபர்ம்வேர் வழியாத்தான் போகுது. டிசம்பர் 23ல எச்பி அப்டேட் வெளியிட்டது.

அடுத்த வருஷம், 2012 ஜூன்ல, அதே எச்பி 1040, 1050 ஃபேக்ஸ் மெஷின்களைத் திரும்பப் பெற்றது. அமெரிக்காவுல மட்டும் 9 லட்சத்துக்கு மேல. உள்ள ஒரு மின்பாகம் சூடாகித் தீப்பிடிக்கலாம்னு காரணம் சொன்னாங்க. இதுக்கு அப்டேட் அனுப்ப வழியில்லை, பிளக்கைப் பிடுங்கச் சொன்னாங்க.

லினக்ஸ்ல அந்த "ஆன் ஃபயர்" வரியை யாரும் இன்னும் நீக்கலை.