சுன்னத்து வீட்டிலிருந்து அறுவை அரங்கு வரை

கொச்சியின் மட்டாஞ்சேரியில் குழந்தையின் உடம்பில் கத்தியோ ஊசியோ பட்ட சடங்குகள் மூன்று: யூதர்களின் எட்டாம் நாள் விருத்தசேதனம், முஸ்லிம்களின் சுன்னத்து, பல சமூகத்தாரும் செய்யும் காதுகுத்து. மயக்க மருந்து இல்லாத காலத்தில் பிள்ளையோடு சேர்த்துப் பெற்றோரையும் தேற்ற வேண்டியிருந்தது. அதைச் சடங்கே பார்த்துக்கொண்டது.

1568-இல் பரதேசி யூதப் பள்ளி எழுந்த தெருவில் இன்று அப்படியொரு சடங்குக்குக் குழந்தைகள் இல்லை. இஸ்ரேல் உருவான பின் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கப்பலேறிவிட்டன. யூத மரபில் குழந்தையை மடியில் ஏந்துவது மூத்தவர் ஒருவருக்குத் தரப்படும் மரியாதை. எலியா தீர்க்கதரிசிக்கென்று தனி நாற்காலியும் போடுவார்கள்.

முஸ்லிம்களில் மாப்பிள்ளைமார், கச்சி மேமன்கள், ராவுத்தர்கள், காயல்பட்டினத்தைப் பூர்வீகமாகச் சொல்லும் நைனாமார் எனப் பல பிரிவினர் இங்கே வாழ்கிறார்கள். மாப்பிள்ளைமார் வீடுகளில் சுன்னத்து செய்தவர் ஒஸ்ஸான். முடிதிருத்துவதும் அவர் தொழில்தான். அவர் மனைவி ஒஸ்ஸாத்தி பிரசவம் பார்ப்பார். ஆக, பிள்ளை பிறந்தபோது கை கொடுத்த குடும்பமே கத்தியையும் எடுத்தது. தாய்க்கு அதைவிடப் பெரிய ஆறுதல் வேறென்ன இருந்திருக்கும்? பெரியவர் ஒருவர் பையனைப் பின்னாலிருந்து இறுகப் பிடித்துக்கொள்வார். ‘மேலே பார்’ என்று கவனத்தைத் திருப்பும் நொடியில் வேலை முடிந்துவிடும். பிறகு விருந்து, பலகாரம், பாட்டு. இதற்கு மார்க்கக் கல்யாணம் என்றே பெயர். வைக்கம் முகம்மது பஷீரின் ‘பால்யகால சகி’ (1944) நாவலில் மஜீதின் சுன்னத்தும் சுகராவின் காதுகுத்தும் இடம்பெறுகின்றன. கூட்டமும் கொண்டாட்டமும் தாயின் நடுக்கத்தைக் குறைத்தனவா, வெளியே தெரியாமல் மறைத்தனவா என்பது வேறு கேள்வி. சீழ்பிடிப்பையும் இரத்தப்போக்கையும் அவை தடுக்கவில்லை என்பது மட்டும் உறுதி.

காதுகுத்துக்கு இன்னும் பழைய சான்று உண்டு. சுஸ்ருத சம்ஹிதையின் சூத்திரஸ்தானம், குழந்தையைச் செவிலியின் மடியில் உட்காரவைத்து, விளையாட்டுப் பொருளைக் காட்டி மயக்கி, பேசித் தேற்றிக் காது குத்தச் சொல்கிறது. தமிழ்நாட்டில் அந்த மடி தாய்மாமனுடையது.

1846-இல் பாஸ்டனில் ஈதர் மயக்கம் வெற்றிகரமாகக் காட்டப்பட்ட பின் வலி போயிற்று. கூடவே பெற்றோரும் அறையைவிட்டுப் போனார்கள். கிருமி நீக்கிய அரங்கில் அவர்களுக்கு இடமில்லை. கையெழுத்திட்டுவிட்டு வாசலில் காத்திருப்பதே அவர்கள் பங்கு. பிரிட்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் 1952-இல் வெளியிட்ட படம் மருத்துவமனையில் தனித்து விடப்பட்ட இரண்டு வயதுக் குழந்தையின் தவிப்பைக் காட்டியது. மருத்துவமனைக் குழந்தைகளின் நலன் குறித்த 1959-இன் பிளாட் அறிக்கை, பெற்றோரைத் தாராளமாக உள்ளே விடச் சொன்னது. ஆனால் அது பெரும்பாலும் வார்டுக்குள் விடுவதைப் பற்றியது. அரங்கின் கதவுக்கு அப்பால் என்ன நடக்கிறது என்பது வாசலில் நிற்பவர்களுக்குத் தெரியாமலே இருந்தது.

கொச்சியும் இதே வழியில் வந்தது. சுன்னத்து மருத்துவமனைக்கும் கிளினிக்குக்கும் மாறியது. 1998-இல் தொடங்கிய அமிர்தா மருத்துவமனை குழந்தைகளின் இருதய அறுவைக்குப் பெயர் பெற்றது. பிறவி இருதயக் குறை உள்ள குழந்தைகளுக்காக 2017-இல் கேரள அரசின் ‘ஹிருத்யம்’ திட்டம் வந்தது. ஒஸ்ஸான் சில நொடிகளில் முடித்த காலம் போய், வாசலில் மணிக்கணக்கில் காத்திருக்கும் காலம் வந்தது.

அந்தக் கதவுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று காட்ட வந்ததுதான் மெய்நிகர் காட்சி. தென்கொரியாவின் புண்டாங் மருத்துவமனையில் 4 முதல் 10 வயதுவரையுள்ள பிள்ளைகள் தலையில் மாட்டும் கருவி வழியே, பொரோரோ என்ற கார்ட்டூன் பென்குயினுடன் அரங்கைச் சுற்றிப் பார்த்தார்கள். அவர்களின் பதற்றம் மற்றப் பிள்ளைகளைவிடக் குறைவாக இருந்ததென 2017-இல் வெளியான ஆய்வு சொன்னது. அடுத்து, பிள்ளை பார்க்கும் காட்சியையே திரையில் பெற்றோருக்கும் காட்டினார்கள். 2019-இல் வந்த அந்த ஆய்வில் பதற்றம் குறைந்தது பெற்றோருக்குத்தான். அரங்கைப் படமெடுத்துக் கைப்பேசியில் காட்டுவதற்கு அவ்வளவு விலையுயர்ந்த கருவியும் வேண்டியதில்லை.