செராமிக்குக்கான உலோகக் கலவைகளும் உலோகப் பூச்சுகளும்

செராமிக்கையும் உலோகத்தையும் பிரியாதபடி பிணைப்பதற்கென்றே உருவாக்கப்பட்ட உலோகக் கலவைகளும் பூச்சுகளும் பொருளறிவியலில் தனிப் பிரிவாக வளர்ந்துள்ளன. தொழிலில் அதிகம் புழங்கும் செராமிக் அலுமினா. அது மின்சாரத்தைக் கடத்தாது, எளிதில் அரிபடாது, 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டிய பிறகே உருகும். உலோகத்தோடு அது ஒட்ட மறுப்பதற்கும் இந்த உறுதியே காரணம். அலுமினியமும் ஆக்சிஜனும் அதற்குள் இறுகப் பிணைந்திருப்பதால், மேலே வரும் உலோகத்தோடு சேர அவற்றுக்குத் தேவையே இல்லை. உருக்கிய வெள்ளியோ செம்போ அலுமினாவின் மேல் விழுந்தால் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு நிற்கும்.

ஒட்ட வைத்தாலும் அடுத்த சிக்கல் காத்திருக்கிறது. ஒரு டிகிரி வெப்பம் ஏறும்போது அலுமினா நீளத்தில் பத்து லட்சத்தில் ஏறக்குறைய 7 பங்கு விரியும்; செம்பு 17 பங்கு விரியும். சூட்டில் இணைத்த இரண்டும் குளிரும்போது செம்பு அதிகமாகச் சுருங்கி இணைப்பின் விளிம்பில் செராமிக்கை இழுக்கும். செராமிக் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது, விரிசல் விட்டுவிடும். இத்துறையின் கலவைகளும் பூச்சுகளும் பெரும்பாலும் இந்த இரண்டு தடைகளில் ஒன்றைக் கடக்கப் பிறந்தவை.

மலேசியாவில் இந்த அறிவுக்குத் தேவை எழுந்த இடங்களில் அம்பாங் வட்டாரம் முக்கியமானது. அந்த ஊரின் வரலாறே உலோகத்தில் தொடங்குகிறது. 1857இல் கிள்ளானின் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் ஆற்றுவழியே வந்து அம்பாங் காட்டில் வெள்ளீயம் தேடினர். காய்ச்சல் அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது. ஆனாலும் 1859இல் அங்கிருந்து வெள்ளீயம் வெளியே போனது. நூறாண்டுகளுக்கு மேல் கழிந்து, 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நாட்டில் தடையற்ற வாணிப வலயங்கள் வந்தன. அவற்றில் ஒன்று அம்பாங்–உலு கிள்ளான் பகுதியில் அமைந்தது. டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 1972இல் கோலாலம்பூரில் தொடங்கிய ஆலை இங்கேதான் இயங்குகிறது. சிலிக்கான் சில்லுகளை உறையிலிட்டுச் சோதிப்பது இத்தகைய ஆலைகளின் வேலை. மலிவான சில்லுக்கு பிளாஸ்டிக் உறை போதும். ஈரம் துளியும் புகக்கூடாத விண்கல, ராணுவக் கருவிகளுக்கான சில்லுக்கு செராமிக் உறை வேண்டும். செராமிக்–உலோக இணைப்பின் நுட்பம் முழுவதையும் கைவிரலளவே உள்ள அந்த உறையில் காணலாம்.

உறையின் உடல் அலுமினா. சுடுவதற்கு முன், பச்சைத் தகடாக இருக்கும்போதே டங்ஸ்டன் தூள் கலந்த பசையால் அதன்மேல் மின்பாதைகளை அச்சிடுவார்கள். தகடுகளை அடுக்கி அழுத்தி, ஹைட்ரஜன் நிறைந்த உலையில் 1,500 டிகிரிக்கு மேல் சுடும்போது செராமிக்கும் உலோகமும் ஒன்றாக இறுகும். டங்ஸ்டனில் பற்றாசு எளிதில் படராது, அதனால் மேலே நிக்கல் பூச்சு. நிக்கல் ஆக்சிஜனேறிவிடும், அதனால் அதன்மேல் தங்கப் பூச்சு. சில்லை உட்கார வைப்பதிலும் ஒரு நயம் உண்டு. தங்கம் 1,064 டிகிரியிலும் சிலிக்கான் 1,414 டிகிரியிலும் உருகுபவை. தக்க விகிதத்தில் கலந்தால் 363 டிகிரியிலேயே உருகிவிடும். தங்கம் பூசிய குழியில் சில்லை வைத்துச் சூட்டில் மெல்லத் தேய்த்தால் போதும், தனிப் பற்றாசு இல்லாமலே அது பிடித்துக்கொள்ளும். மூடியை ஒட்ட 80 விழுக்காடு தங்கமும் 20 விழுக்காடு வெள்ளீயமும் சேர்ந்த கலவை பயன்படுகிறது. அது உருகுவது 280 டிகிரியில்.

உறையின் கால்களுக்குக் கோவார் என்ற கலவை. இதன் முன்னோடி, 1896இல் ஷார்ல் எடுவார் கியோம் கண்டறிந்த, 36 விழுக்காடு நிக்கல் கொண்ட இன்வார் இரும்பு. சாதாரண வெப்பநிலையில் அது ஏறக்குறைய விரிவதே இல்லை. 1920இல் கியோமுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் சூடு ஏறியதும் இன்வார் அந்தக் குணத்தை இழந்துவிடும். 29 விழுக்காடு நிக்கலும் 17 விழுக்காடு கோபால்ட்டும் சேர்த்த கோவார், 400 டிகிரியைத் தாண்டும்வரை அலுமினாவுக்கும் கடினக் கண்ணாடிக்கும் நெருக்கமாகவே விரிந்து சுருங்கும். பொருளின் இயல்பை ஏற்று அதற்கேற்ப உலோகத்தை வடிவமைத்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

முன்பே சுட்டு முடித்த செராமிக்குக்கு வேறு வழிகள் உண்டு. பழையது மாலிப்டினம்–மாங்கனீசு முறை. இரு தூள்களையும் பூசி, ஈரப்பதமுள்ள ஹைட்ரஜனில் 1,400 டிகிரிக்கு மேல் சூடாக்கினால், மாங்கனீசு ஆக்சைடாக மாறி, செராமிக்கின் துகள்களுக்கு இடையே உள்ள கண்ணாடியோடு கலந்து மாலிப்டினத்தின் நுண்துளைகளில் ஏறி இறுகும். இரண்டாவது முறையில் வெள்ளி–செம்புப் பற்றாசில் சில விழுக்காடு டைட்டானியம் சேர்ப்பார்கள். டைட்டானியம் அலுமினாவிடமிருந்து ஆக்சிஜனைப் பறித்துத் தானே இணைப்புப் படலமாகிவிடும். காற்று இருந்தால் அதிலுள்ள ஆக்சிஜனையே பிடித்துக்கொள்ளும் என்பதால் உலையில் நல்ல வெற்றிடம் தேவை. மூன்றாவது, மின்சாரமின்றி நிக்கல் படியவைக்கும் முறை. 1946இல் பிரென்னரும் ரிடெல்லும் வெளியிட்டது. செராமிக்கின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, முதலில் வெள்ளீயக் குளோரைடிலும் பிறகு பல்லேடியக் குளோரைடிலும் நனைத்தால், படிந்த பல்லேடியத் துகள்களின் மேல் நிக்கல் தானாக வளரும்.

பல் மருத்துவத்தில் கணக்கு வேறு. உலோகத்தின் மேல் பீங்கான் சுட்ட பல் உறையில், உலோகம் பீங்கானைவிடச் சற்றே அதிகமாகச் சுருங்கும்படி கலவையை அமைப்பார்கள். குளிரும்போது பீங்கான் அழுத்தத்துக்கு உள்ளாகி வலுப்பெறும். சுருக்கத்தின் வேறுபாடு அளவு மீறினால் அதே பீங்கான் சிதறும்.

இந்தத் தொழிலில் கவனக்குறைவுக்கு இடமில்லை. வெள்ளீயம் மிகுந்த பற்றாசில் தங்கம் சில விழுக்காட்டைத் தாண்டிக் கரைந்தால் இணைப்பு நொறுங்கும் தன்மை பெறும். ஆகவே தங்கப் பூச்சின் தடிமனை மைக்ரோமீட்டர் கணக்கில் கட்டுப்படுத்த வேண்டும். முடிந்த உறைகளில் ஹீலியம் கசிகிறதா என்று கருவி வைத்துத் தேடுவார்கள். தொழிலாளரின் உடல்நலமும் இதே அளவு கவனத்துக்கு உரியது. தங்கம் பூசும் கரைசல்கள் பலவற்றில் சயனைடு உண்டு. வெப்பத்தை நன்கு கடத்தும் பெரிலியம் ஆக்சைடின் தூசி நுரையீரலைத் தீராத நோய்க்கு ஆளாக்கும்; அதனாலேயே அலுமினியம் நைட்ரைடு பல இடங்களில் அதன் இடத்தைப் பிடித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை முதல் மின்னணுக் கருவிகளில் காரீயத்தைக் கட்டுப்படுத்தியபின், 183 டிகிரியில் உருகிய பழைய பற்றாசு பெரும்பாலும் விலகி, 217 டிகிரிக்கு மேல் உருகும் வெள்ளீயம்–வெள்ளி–செம்புக் கலவை வந்தது.

இன்று தேவை மின்வாகனங்களின் பக்கம் பெருகுகிறது. மின்திறன் சில்லுகள் கக்கும் வெப்பத்தை வெளியேற்ற, செராமிக் தகட்டின் இருபுறமும் தடித்த செம்புத் தகடு வேண்டும். செம்பு 1,085 டிகிரியில் உருகும். அதன் மேற்பரப்பில் சிறிது ஆக்சிஜன் சேர்ந்தால் 1,065 டிகிரியிலேயே மெல்லிய திரவப் படலம் தோன்றி அலுமினாவில் படரும். இந்த 20 டிகிரி இடைவெளிக்குள் உலையை நிறுத்தினால் செம்புத் தகடு உருகாமலே ஒட்டிக்கொள்ளும். அலுமினியம் நைட்ரைடில் ஆக்சைடு இல்லாததால், அதன் மேற்பரப்பை முதலில் ஆக்சிஜனேற்றிய பிறகே இம்முறை பலிக்கும். அதைவிட உறுதியான சிலிக்கான் நைட்ரைடுத் தகடுகளுக்கு டைட்டானியம் கலந்த பற்றாசே பெரிதும் பயன்படுகிறது.