பாதாள லிங்கமும் ஓதமும்: இரமணர் உறைவிட வரலாற்றில் உடல்நலம்

இரமணாசிரமம் இன்றுள்ள மலையடிவாரப் பகுதியில் இரமணர் நிலையாகத் தங்கியது 1922-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்துதான். அதற்கு முந்தைய இருபத்தாறு ஆண்டுகளில் கோயில் மண்டபம், குருமூர்த்தம், விருபாட்சிக் குகை, கந்தாசிரமம் ஆகியன அவருடைய உறைவிடங்களாயின. இவ்வரிசை துறவின் வரலாறாகவே பெரிதும் எழுதப்பட்டுள்ளது. உறைவிடம் உடலை எவ்வாறு பாதிக்கிறது என்பதற்கும் அது சான்றாகிறது.

1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலையை அடைந்தபோது அவருக்கு வயது பதினாறு. ஆயிரங்கால் மண்டபத்தில் சிறுவர்கள் கல்லெறிந்து தொல்லை தந்தமையால், அம்மண்டபத்தின் நிலவறையான பாதாள லிங்கத்துள் சென்று அமர்ந்தார். வெயில் புகாத அவ்வறையில் எறும்பும் பூச்சிகளும் கடித்து அவர் தொடைகள் புண்ணாகிச் சீழ் வடிந்தன. சேஷாத்திரி சுவாமிகள் இயன்றவரை காத்தார். இறுதியில் அன்பர்கள் அவரை வெளியே தூக்கிவந்து முருகன் சன்னதியில் அமர்த்தினர்.

வரலாற்று நூல்கள் இந்நிகழ்வைத் தன்னுணர்வற்ற தவநிலையின் அடையாளமாகக் கொள்கின்றன. அது பொருந்துவதே. எனினும், அவ்வறையின் இயல்பும் கருதத்தக்கது. நிலத்தடிக் கட்டுமானம் சுற்றியுள்ள மண்ணின் ஈரத்தை உறிஞ்சும். வெயிலும் காற்றோட்டமும் இல்லாதவிடத்து அவ்வீரம் உலர்வதில்லை. இதனையே கட்டடக் கலையினர் ஓதம் என்பர். இரமணரின் புண்களுக்கு நேர்க்காரணம் பூச்சிக்கடியே. ஆனால், பூச்சிகள் பெருகுவதற்கும் புண் ஆறாமைக்கும் இருளும் ஈரமும் துணைசெய்வன.

ஓதமேறிய சுவரில் பூஞ்சணம் படர்கிறது. அதன் நுண்வித்துகள் மூச்சுடன் கலந்து இருமலையும் ஒவ்வாமையையும் உண்டாக்குகின்றன, ஆஸ்துமாவைக் கடுமையாக்குகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டி, உள்ளறைக் காற்றில் நுண்ணுயிரிகளுக்குப் பாதுகாப்பான அளவு இதுவென வரையறுக்க இயலவில்லை எனக் கூறி, ஈரத்தைத் தடுப்பதையும் நீக்குவதையுமே வலியுறுத்துகிறது. பூஞ்சணத்தின்மீது சாயம் பூசி மறைப்பது தீர்வாகாது. கசிவை அடைத்துச் சுவரை உலரவிடுதலே தீர்வு.

அன்று அன்பர்கள் செய்ததும் இதனோடு ஒத்ததே. அறைக்குள்ளிருந்தே காத்தல் போதாதென்று கண்டு, உடலை அவ்விடத்தினின்றும் அகற்றினர். பின்னர் அவ்விடம் செப்பனிடப்பட்டு, 1949-இல் தலைமை ஆளுநர் இராஜாஜியால் திறந்துவைக்கப்பட்டது. ஞானியின் உடல் தாங்கியதை ஏனையோர் உடலும் தாங்க வேண்டுமென்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் நனையும் வீடுகளில் வாழும் குழந்தைகளுக்கும் முதியோருக்கும் உலர்ந்த உறைவிடம் மருந்துக்கு முந்தைய தேவை என்பதே இவ்வரலாறு உணர்த்துவதாகும்.