நாசிக் வாசிப்பும் கேமரன் மலை வெயிலும்: வைட்டமின் டி வரலாற்றில் ஒரு மறுபார்வை

வைட்டமின் டி வரலாற்றை எழுதுவோர் நாசிக்கில் ஒருமுறை நின்று செல்வது வழக்கம். 1922இல் அங்கிருந்து ஹட்சிசனும் ஷாவும் வெளியிட்ட ஆய்வு, பர்தாவுக்குள் வளர்ந்த வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோய் வந்ததையும், குறைந்த சாப்பாட்டோடு வெளியில் திரிந்த ஏழைப் பிள்ளைகள் தப்பியதையும் காட்டியது. நல்ல உணவு காக்காததை வெயில் காத்தது என்பது அவர்கள் வாசிப்பு. மீனெண்ணெயில் எலும்பைக் காக்கும் சத்து வைட்டமின் ஏ-யிலிருந்து வேறானது என்று மெக்காலம் நிறுவியதும் அதே ஆண்டில்தான். (‘டி’ என்ற பெயர் நிலைபெற்றது 1922இலா 1925இலா என்பதில் நூல்கள் ஒத்துப்போவதில்லை.)

நாசிக்கில் அவர்கள் கண்டது மெய். அதிலிருந்து கிளைத்த பொதுவிதி எனக்கு உடன்பாடில்லை. திறந்த வெளியில் உழைப்பவருக்கு வைட்டமின் டி குறைபாடு வராது என்கிறது அவ்விதி. ஆனால் ஹட்சிசனும் ஷாவும் ஒப்பிட்டவை இரு முனைகள்: ஒரு பக்கம் அறைக்குள் அடைபட்டவர், மறுபக்கம் வெளியில் திரிந்தவர். இடையில் நிற்கும் உழைப்பாளியை அந்த ஒப்பீடு தொடவே இல்லை. ‘வெளி’ என்பது ஒரே பொருளா என்ற கேள்வியும் எழவில்லை.

மலாயாத் தோட்டப்புறத்தைப் பார்த்தால் இது விளங்கும். சமவெளியில் பால்மரம் வெட்டிய தமிழர் விடியலிலேயே தொடங்கி, மர நிழலில் உழைத்தார்கள். ரஸ்ஸல் 1929இல் போ தோட்டத்தை நிறுவிய கேமரன் மலையிலோ தேயிலைச் செடி இடுப்பளவு. தலைக்கு மேல் வானம்தான். நாசிக் விதிக்கு இருவரும் ஒன்று. தோலுக்கு அப்படியல்ல.

இங்கே ஒரு பழைய கட்டுரையைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். ஜப்பானில் மருத்துவ ஊழியம் செய்து இங்கிலாந்து திரும்பிய தியோபால்ட் பாம், அங்கே காணாத ரிக்கெட்ஸைச் சொந்த நாட்டில் மலியக் கண்டு திகைத்தார். பல நாடுகளில் இருந்த மருத்துவ ஊழியர்களின் கடிதங்களைத் திரட்டி, 1890இல் ‘பிராக்டிஷனர்’ இதழில் எழுதினார். வெயில் மிகுந்த நாட்டில் இந்நோய் அரிது என்ற அவர் முடிவையே எல்லோரும் எடுத்தாளுகிறார்கள். என்னை நிறுத்தியது அவர் பரிந்துரைகளில் ஒன்று: வெயிலை அளக்கும் கருவி அதன் வெப்பத்தை அளந்தால் போதாது, வேதி ஆற்றலை அளக்க வேண்டும் என்கிறார். ரிக்கெட்ஸைக் குணப்படுத்துவது புற ஊதாக் கதிர் என்று ஹுல்ட்ஷின்ஸ்கியின் விளக்குச் சிகிச்சை காட்ட 1919 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாம் அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டு முன்பே சூட்டையும் கதிரையும் பிரித்துவிட்டார். நாசிக் வாசிப்பைவிட இந்த ஒரு குறிப்பு கேமரன் மலைக்கு அதிகம் உதவும். அங்கே காற்று குளிர்ச்சி. ஆனால் ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 விழுக்காடு கூடும். கூடியதை மேகமும் மூடுபனியும் திரும்பப் பிடுங்கிக்கொள்கின்றன.

மிச்சத்தை உடை தடுக்கிறது. கொழுந்து எடுக்கும் பெண்ணுக்குத் தலையில் துண்டோ தொப்பியோ, முழுக்கைச் சட்டை, ஈரமும் கிளையும் படாதபடி இடுப்பில் சுற்றிய படுதா. வெயிலுக்குக் கிடைப்பது முகமும் கையும்தான். கருத்த தோல் அதே அளவு சத்தைச் செய்ய வெளுத்த தோலைவிட நீண்ட நேரம் எடுக்கும். இவ்வுடை எந்தப் பத்தாண்டில் வழக்கமானது என்று அறுதியிட முடியாததால், 1930களின் முதல் தலைமுறைக்கும் இதைப் பொருத்த நான் துணியமாட்டேன்.

என் வாதம் இங்கே மெலிகிறது. ஊகம் என்று தள்ளலாம். ஆனால் திருப்பதி வட்டாரத்தில் ஹரிநாராயணும் குழுவினரும் 2007இல் வெளியிட்ட அளவீடு பக்கபலமாக நிற்கிறது. நகரத்து ஆண்களில் 62 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 75 விழுக்காட்டினருக்கும் குறைபாடு. கிராமத்து ஆண்களில் அது 44ஆக இறங்குகிறது, பெண்களிலோ 70. ஊர்ப்புற வாழ்வு ஆணுக்குத் தந்த ஆதாயத்தைப் பெண்ணுக்குத் தரவில்லை. சேலையும் ரவிக்கையும் இதில் எத்தனை பங்கு என்று அந்த எண்கள் பிரித்துச் சொல்லா. ஆயினும் நாசிக் விதி இந்த 70இன் முன் நிற்காது.

உணவையும் ஒதுக்க முடியாது. தானியத்தில் உள்ள ஃபைட்டேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று அதே திருப்பதி ஆய்வு கவலைப்பட்டது. மலேசியப் பரிந்துரை பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 15 மைக்ரோகிராம் வைட்டமின் டி. சோறும் பருப்பும் ரொட்டியும் அதன் அருகில்கூட வராது. கானாங்கெளுத்தி, மத்தி போன்ற கொழுப்பு மீன்களும் முட்டை மஞ்சள்கருவும் ஓரளவு ஈடுசெய்யும்.

வயதையும் நாசிக் ஆய்வு பார்க்கவில்லை. அதன் பொருள் பிள்ளைகள். எழுபது வயதுத் தோல், இளமையில் செய்ததில் கால் பங்கு அளவே வைட்டமின் டி செய்கிறது. தோட்ட வேலை முடிந்து லயத்துக்குள் அடங்கிவிட்ட பாட்டிமாருக்குக் கதிரும் குறைவு, தோலின் திறனும் குறைவு. தோட்டத்து மருந்தகம் இரத்தத்தில் 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி அளவைப் பார்ப்பதென்றால், மலையில் நிற்கும் இளைஞரை விட்டுவிட்டு இவர்களிடம்தான் தொடங்க வேண்டும்.