டேற்றோனாவில் எழுந்த பெண்கள் பாடசாலை

1904ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 3ஆம் நாள், அமெரிக்காவின் தெற்கேயுள்ள புளோரிடா மாநிலத்தில், டேற்றோனா என்னும் கடற்கரை ஊரில், வாடகைக்கு எடுத்த ஒரு சிறு வீட்டிலே ஐந்து கறுப்பினச் சிறுமியர் பாடம் கேட்க அமர்ந்தனர். பிறர் வேண்டாமென்று எறிந்த மரப்பெட்டிகளே அவர்களுக்கு ஆசனமும் மேசையும். கரிந்த குச்சி எழுதுகோலாயிற்று. காட்டுச் செடியொன்றின் பழச்சாறு மையாயிற்று. பாடசாலையைத் தொடங்கிய ஆசிரியையிடம் இருந்த முதல் ஒன்றரை டொலர். அவர் பெயர் மேரி மக்கிளவுட் பெதூன்.

மேரி 1875ஆம் ஆண்டு தென் கரோலினா மாநிலத்திலே, மேயஸ்வில் என்னும் சிற்றூரை அடுத்துப் பிறந்தவர். தாயும் தந்தையும் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றவர்கள். பதினேழு பிள்ளைகளுள் அவர் பதினைந்தாவது பிள்ளை. பருத்திக் காட்டில் வேலை செய்து வளர்ந்த அச்சிறுமி, ஒருநாள் தாயுடன் வெள்ளையர் வீடொன்றுக்குச் சென்றபோது, அங்கே கிடந்த நூலொன்றைக் கையில் எடுத்தாள். அவ்வீட்டுச் சிறுமியோ, உனக்கு வாசிக்கத் தெரியாது, அதைக் கீழே வை என்றாள். பிற்காலத்தில் மேரி அம்மையார் பல மேடைகளிலே சொல்லிவந்த நிகழ்ச்சி இது.

அயலில் மிஷன் பாடசாலையொன்று திறக்கப்பட்டபோது, நாள்தோறும் ஐந்து மைல் நடந்து சென்று படித்தாள். மேற்படிப்புக்கு வழி திறந்தவர் செல்வர் எவருமல்லர். தொலைவிலுள்ள டென்வர் நகரில் தையற்றொழில் செய்து வாழ்ந்த மேரி கிறிஸ்மன் என்னும் வெள்ளையின மாது. ஊசியும் நூலும் கொண்டு தேடிய பணத்திலே, தாம் கண்டறியாத ஒரு பிள்ளையின் கல்விக்கு அவர் உதவினார். கல்வி முடிந்தபின் ஆபிரிக்காவுக்கு ஊழியம் செய்யச் செல்ல விரும்பினார் மேரி. கறுப்பின ஊழியருக்கு அங்கே இடமில்லை என்று திருச்சபையின் மிஷன் சபையார் விடையளித்தனர். ஆபிரிக்காவிலே ஆபிரிக்கர் வழிவந்தவருக்கு இடமில்லை என்பது விந்தையான நியாயமே. அந்த ஏமாற்றம் அவரை ஜோர்ஜியா மாநிலத்திலே லூசி லேனி என்னும் அம்மையார் நடத்திய பாடசாலைக்குக் கொண்டு சென்றது. லேனியும் முன்னர் அடிமைகளாயிருந்த பெற்றோரின் மகளே. கறுப்பினத்தார் தலைநிமிர வேண்டுமாயின் அவர்தம் பெண்கள் கற்க வேண்டும் என்னும் உறுதியை மேரி அங்கேதான் பெற்றார்.

டேற்றோனாவை அவர் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. கிழக்குக் கரையோரமாக இருப்புப்பாதை அமைக்க வந்த கறுப்பினத் தொழிலாளர் குடும்பங்கள் அப்பகுதியிலே வறுமையில் உழன்றன. பனிக்காலத்தைக் கழிக்க வடநாட்டுச் செல்வர்களும் அவ்வூருக்கே வந்தனர். தேவையும் பணமும் ஓரிடத்திற் கூடியிருந்தன. இரண்டையும் இணைப்பது அம்மையாரின் வேலையாயிற்று. அவரும் மாணவியரும் வற்றாளைக் கிழங்குப் பணியாரம் சுட்டுத் தொழிலாளருக்கு விற்றனர். ஊரார் குப்பை கொட்டிய நிலத்தைத் தவணைப் பணத்தில் வாங்கினர். சவர்க்கார வணிகத்திலே பெயர்பெற்ற ஜேம்ஸ் காம்பிள், தர்மகர்த்தாவாக இருக்க இசைந்து பாடசாலையைப் பார்க்க வந்து, அது எங்கே என்று கேட்டாராம். அது தம் மனத்தில் இருக்கிறது என்றாராம் அம்மையார்.

அப்பாடசாலையில் தையலும் சமையலும் முதலிடம் பெற்றிருந்தமையைக் குறை கூறுவோர் உளர். வெள்ளையர் வீட்டுக்கு வேலைக்காரிகளை ஆயத்தப்படுத்தும் கல்வியன்றோ இது என்பது அவர்கள் கேள்வி. கேள்வி நியாயமானதே. நன்கொடை வழங்கிய செல்வர் பலர் காண விரும்பியதும் அதுவே. ஆயினும் காலப்போக்கில் விஞ்ஞானம், கணிதம், ஆங்கிலம், பிறமொழிகள் ஆகியவையும் அதே கூரையின் கீழ் இடம்பெற்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் மாணவியர் பாட, வெள்ளையரும் கறுப்பினத்தாரும் அங்கே இருக்கை வேறுபாடின்றி அமர்ந்து கேட்டனர். இனப் பிரிவினையைச் சட்டமாகவே கொண்டிருந்த ஒரு மாநிலத்தில் அது சிறு செயலன்று.

எழுத்தறிவு மட்டும் ஒரு பெண்ணைக் காவாது என்பதை உணர்த்திய நிகழ்ச்சி பின்னர் நேர்ந்தது. மாணவி ஒருத்தி குடல்வால் அழற்சியால் துடித்தாள். ஊரிலே கறுப்பினத்தாருக்கு வைத்தியசாலை இல்லை. அம்மையார் மன்றாடியதன் பேரில் வெள்ளையர் வைத்தியசாலையொன்று அவளை ஏற்றுச் சத்திரசிகிச்சை செய்தது. ஆனால், பார்க்கச் சென்ற அம்மையார் அவளைக் கண்டது நோயாளர் விடுதியிலன்று. கட்டடத்தின் பின்புறத் தாழ்வாரத்திலே. 1911ஆம் ஆண்டு, பாடசாலையை அடுத்து, தம் பெற்றோரின் குடும்பப் பெயரால் மக்கிளவுட் வைத்தியசாலையை அவர் திறந்தார். அங்கே கறுப்பின நோயாளர் சிகிச்சை பெற்றனர். கறுப்பினப் பெண்கள் தாதிப் பயிற்சியும் பெற்றனர்.

1920இல் அமெரிக்கப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. கறுப்பினத்தாரைத் தடுக்கப் புளோரிடாவில் தலைவரி விதிக்கப்பட்டிருந்தது. அம்மையார் வீடுவீடாகச் சென்று அவ்வரிக்குப் பணம் திரட்டினார். தேர்தலுக்கு முந்திய இரவு, வெள்ளை அங்கியும் முகமூடியும் அணிந்த கு கிளக்ஸ் கிளான் கூட்டத்தினர் பாடசாலை வளவுக்கு வந்தனர். உள்ளே பெண்பிள்ளைகள் இருந்தனர்; அந்நாளில் அக்கூட்டத்தின் வருகை தீவைப்புக்கும் கொலைக்கும் அறிகுறி. அம்மையார் அசையவில்லை. பிள்ளைகள் பக்திப் பாடல் பாடினர். வந்தவர்கள் திரும்பிப் போயினர். மறுநாட் காலை அம்மையார் கறுப்பின வாக்காளரை அழைத்துக்கொண்டு வாக்குச்சாவடிக்கு நடந்தார்.

1923இல் அப்பாடசாலை ஜக்சன்வில் நகரிலிருந்த குக்மன் கலாசாலையுடன் இணைந்தது. பின்னர் கல்லூரியாகி, 2007இல் பல்கலைக்கழகமாயிற்று. அம்மையாரின் பணியும் ஊரைக் கடந்து விரிந்தது. 1935இல் கறுப்பினப் பெண்களின் தேசியப் பேரவையை நிறுவினார். அதன்பின் ரூஸ்வெல்ட் அரசாங்கத்தின் தேசிய இளைஞர் நிருவாகத்திலே பொறுப்பேற்று, கறுப்பின இளைஞருக்கும் யுவதிகளுக்கும் கல்வியும் தொழிலும் கிடைக்கப் போராடினார். 1955ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாள் காலமான அவரது உடல், டேற்றோனாவிலே, தாம் எழுப்பிய கல்லூரி வளவிலேயே அடக்கம் செய்யப்பட்டது.

வாசிங்டன் பாராளுமன்றக் கட்டடத்திலே ஒவ்வொரு மாநிலமும் இரண்டு சிலைகள் நிறுவலாம். புளோரிடாவின் சிலைகளுள் ஒன்று, அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்னாட்டுப் படைத் தளபதி ஒருவருடையதாக நெடுங்காலம் இருந்தது. அச்சிலை அகற்றப்பட்டு, அதற்குப் பதிலாக 2022ஆம் ஆண்டு யூலை மாதத்தில் மேரி பெதூன் அம்மையாரின் சலவைக்கற் சிலை திறந்துவைக்கப்பட்டது. ஐரோப்பியப் பயணத்தின்போது தோட்டமொன்றிலே தாம் கண்ட கறுப்பு றோசா மலரைப் பற்றி அம்மையார் அடிக்கடி பேசுவார். தம் மாணவியரையும் அப்பெயராலேயே அழைத்தார். சிலையின் கையிலே அம்மலர் இருக்கிறது.